இரண்டாம் சாட்சி: யாழ்ப்பாணத்து நாவல் வகுப்பு ஒன்றைப் பற்றி

பத்துச் சனிக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் பிற்பகல் இரண்டு மணி தொடக்கம் ஐந்தரை வரை மூன்றரை மணித்தியாலம், கட்டணம் 15,000 ரூபாய். யாழ்ப்பாண நகரின் பிரதான வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஓர் ஒழுங்கையில், பழைய நாற்சார் வீடொன்றின் விறாந்தையில் நடைபெற்ற நாவல் எழுத்துப் பயிற்சி வகுப்பில் இம்முறை நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் விளம்பரத்தை விரும்பாதவர், முன்னைய வகுப்புகளில் இருந்தவர்கள் சொல்லித்தான் புதியவர்கள் வந்து சேர்கிறார்கள் என்பதால், அவருடைய பெயரையோ வீட்டின் அடையாளத்தையோ நான் எழுதப்போவதில்லை. அந்தப் பத்துச் சனிக்கிழமைகளில் என் நாவலுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் எழுத முயன்றது இறைநம்பிக்கையும் காதலும் ஆபத்தும் ஒன்றாகப் பின்னிய கதை. வகுப்பில் அதற்கு 'விசுவாச மர்மக் காதல்கதை' என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் இது தனிச் சந்தையாகவே வளர்ந்திருக்கிறது. கனடாவில் 1949இல் தொடங்கப்பட்ட ஹார்லெக்குவின் பதிப்பகம் 2005ஆம் ஆண்டு முதல் 'லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ்' என்ற வரிசையில் இவ்வகை நாவல்களை வெளியிட்டு வருகிறது. ஏறத்தாழ 55,000 சொற்களுக்குள் கதை முடிய வேண்டும், நாயகனும் நாயகியும் உயிராபத்தில் சிக்க வேண்டும், அந்த ஆபத்தே அவர்களை நெருங்கிவரச் செய்ய வேண்டும், அவர்களுடைய விசுவாசம் சோதனைக்கு உள்ளாக வேண்டும், காதல் கண்ணியத்தின் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பன அதன் பொது இலக்கணம். மூன்று இழைகளில் ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் குலைந்துபோகும்படி எழுத வேண்டும் என்று ஆசிரியை முதல் நாளே சொன்னார். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது விசுவாச இழையில்தான். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பாத்திரம் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடும். அதன்பின் அதனால் யாரையும் ஆச்சரியப்படுத்த முடியாது.

மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டது 1914இல். 51ஆம் சங்கீதத்தை நினைவூட்டும் அந்தப் பெயரே போதும், இங்கு ஒரு பெண் தன் கிறிஸ்தவ விசுவாசத்தை நாவலுக்குள் கொண்டுவந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதை எடுத்துச்சொல்ல. ஆகவே நாங்கள் வெளியிலிருந்து ஒரு வடிவத்தைக் கடன் வாங்கி வந்தவர்கள் அல்லர் என்பதில் ஆசிரியை உறுதியாக இருந்தார். இரண்டாம் வகுப்பு முழுவதும் அவர் சங்க அகப்பாடல்களின் இரவுக்குறியைப் பற்றியே பேசினார். தலைவியைச் சந்திக்கத் தலைவன் இருளில் வருகிறான். வழியில் பாம்பும் யானையும் காட்டாறும். ஊருக்குள் காவலரும் உறங்காத நாயும். போதாக்குறைக்கு நிலவு வேறு வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது. காதலும் அச்சமும் ஒரே மூச்சில் வருவதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் தோழி, தலைவியை வளர்த்த செவிலித்தாயிடம் அவளுடைய களவை, அதாவது மறைவான காதலை, வெளிப்படுத்துகிறாள். அந்தத் துறைக்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். மறைத்து வைத்த ஒன்றை, இனியும் மறைப்பது அறமாகாது என்ற நிலையில் ஒருத்தி வாய்திறந்து சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்த இந்தச் சொற்றொடர் ஆறு வாரங்களின் பின் என் கதைக்குள்ளேயே வந்து நிற்கும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

என் கதைத் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவகச்சேரியில் காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்யும் எஸ்தர், வெளிநாட்டில் வாழும் ஒரு மூதாட்டியின் காணி கள்ள உறுதி, அதாவது போலிக் காணிப் பத்திரம், மூலம் விற்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். அவளுக்குக் கிடைப்பது உறுதியின் நிழற்பிரதி. சாட்சிகளின் பெயர்கள் உள்ள கடைசிப் பக்கம் அதில் இல்லை. அந்தக் காணியை அளக்க வந்த நில அளவையாளன் ஒருவன் அவளுக்குத் துணைநிற்கிறான். மிரட்டல் வருகிறது, வீட்டுப் படலைக்கு இரவில் தீ வைக்கப்படுகிறது. தாயில்லாத எஸ்தரை வளர்த்த மாமி, இரவு தவறாமல் வேதாகமம் வாசித்து ஜெபம் செய்பவர். என் குறிப்புக் கொப்பியில் மாமிக்கு நான் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு வரி: 'விசுவாசத்தின் குரல்.'

ஐந்தாம் வாரத்தில் ஒரு தடங்கல் ஏற்பட்டது. உறுதிக்கு ஒரு சாட்சி போதும் என்று நினைத்து எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவர் அதை வாசித்துவிட்டு, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை உறுதிக்கு ஒரு நொத்தாரிசும் ஆகக் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருந்தாக வேண்டும் என்று திருத்தினார். கையொப்பம் இடுபவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால், அவரைத் தெரியும் என்று சொல்வதும் அந்தச் சாட்சிகளின் வேலை. ஆள்மாறாட்டத்தில் ஒரு காணி கைமாறுகிறது என்றால், 'இவவை எனக்குத் தெரியும்' என்று யாரோ பொய் சொல்லியிருக்க வேண்டும். முதலாம் சாட்சி தரகன். இரண்டாம் சாட்சிக்கு என்னிடம் ஆள் இல்லை. இறந்துபோன யாரோ ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம் என எண்ணி, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

எட்டாம் வாரத்துப் பயிற்சிக்காகவே இந்த வகுப்பை நான் பரிந்துரைப்பேன். ஆசிரியை அதற்கு 'கூண்டில் ஏற்றுதல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார். ஒவ்வொருவரும் தம் கதையில் மிகக் குறைவாகச் சிந்தித்த பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாத்திரமாகவே கதிரையில் உட்கார வேண்டும். மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் யோசிப்பதற்கு நேரம் இல்லை. கொப்பியைத் திறக்கக் கூடாது. 'அவர்' என்று சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் மாமியாக உட்கார்ந்தேன். என்ன சமைப்பீர்கள், எந்தச் சங்கீதம் பிடிக்கும் என்று சாதாரணமாகத்தான் தொடங்கினார்கள். எங்களோடு படித்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், தம் தொழில் பழக்கத்தாலோ என்னவோ, "கடைசியாய் நீங்கள் கையெழுத்து வைச்சது எதிலை அம்மா?" என்று கேட்டார்.

"அதை மட்டும் கேளாதேங்கோ" என்று என் வாய் சொன்னது.

விறாந்தையில் யாரும் அசையவில்லை. நான் அந்தப் பதிலை எண்ணிப் பார்த்திருக்கவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியை எழுந்து வந்து, மெதுவாக, "பிள்ளை, அவ ஏன் அப்பிடிச் சொன்னவ எண்டு நீர் அவவிட்டைக் கேளும். எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். அன்று இரவு வீட்டுக்குப் போய்ப் பதினான்காம் அத்தியாயத்தை எழுதினேன். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பத் தரகனிடம் கடன்பட்ட மாமி, கடனைக் கழிப்பதற்காக, முன்பின் அறியாத ஒரு பெண்ணை 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறார். எஸ்தர் தேடி அலைந்த இரண்டாம் சாட்சி, அவளுக்குச் சோறு போட்டு வளர்த்தவரேதான். இப்போது தன் மருமகளின் உயிருக்கே ஆபத்து வந்துவிட்ட பின், குசினி வாசலில் நின்றபடி, "அந்தக் கையெழுத்து என்ரை" என்று அவரே சொல்கிறார். எழுதி முடித்தபோதுதான் அறத்தொடு நிற்றல் என்ற துறை நினைவுக்கு வந்தது. நான் அதைத் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை.

பாத்திரங்கள் தாமாகவே நடக்கத் தொடங்கிவிட்டன என்று எழுத்தாளர்கள் சொல்லும்போது, அதை ஒரு பேச்சு அழகு என்றே இதுவரை கருதிவந்தேன். இந்த வகுப்பு அந்த அனுபவத்தைத் தந்ததோடு நிற்காமல், அதைச் சோதித்துப் பார்க்கவும் கற்றுத்தந்தது. நாவலாசிரியர் ஈ. எம். ஃபோர்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய விரிவுரைகளில், ஒரு பாத்திரம் முழுமையானதா என்பதற்கு அது நம்பும்படியாக வியப்பூட்ட வல்லதா என்பதை உரைகல்லாக வைத்தார். ஆசிரியை அந்த உரைகல்லை எழுதுபவரின் பக்கம் திருப்பினார். உங்களை வியக்கவைத்தது மெய்யான வியப்பா, அல்லது எழுதிக் களைத்த மனம் கண்ட குறுக்குவழியா என்பதை அறிய, முந்தைய அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய் மூன்று தடயங்களைக் கண்டெடுத்து வாருங்கள் என்பது ஒன்பதாம் வாரத்து வீட்டுவேலை. மூன்றாம் அத்தியாயத்தில், பதிவுத் தபால் வந்தபோது, "கை நடுங்குது, நீ போடு" என்று மாமி எஸ்தரைக் கையெழுத்திடச் சொல்லியிருந்தார். வயதைக் காட்டுவதற்காக நான் எழுதிய வரி அது. ஏழாம் அத்தியாயத்தில், காணி பற்றிய பேச்சு எழுந்ததும் அவர் எழுந்துபோய்க் கிணற்றடியில் பாத்திரம் கழுவினார். காட்சியை முடிப்பதற்காக எழுதியது அது. மூன்றாவது தடயம் கிடைக்கவில்லை. அதை நான் பதினோராம் அத்தியாயத்தில் புதிதாக வைத்தேன். இரண்டு தடயங்களும் எனக்குத் தெரியாமலே அங்கே இருந்தன என்பதை நினைக்க இன்றைக்கும் உடல் சிலிர்க்கிறது. மர்மக் கதையில் இந்தத் திரும்பிப் பார்க்கும் வேலை இன்னும் முக்கியமானது. வாசகர் பின்னால் புரட்டிப் பார்த்து 'ஓம், இது இங்கேயே இருந்ததே' என்று ஏற்றுக்கொள்ளாவிட்டால், அந்த வியப்பு ஏமாற்றுவேலையாகிவிடும்.

விசுவாச இழை அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பெரிய வெள்ளி ஆராதனையில் எஸ்தர் எல்லோரையும் மன்னித்துக் கண்ணீர் விடுவதாக முடிவுரை வரை எழுதி வைத்திருந்தேன். கள்ளச் சாட்சி சொன்னவர் மாமி என்று ஆனபின் அந்தக் காட்சியை எஸ்தர் ஏற்கவில்லை. ஆராதனையின் நடுவில் அவள் எழுந்து வெளியே போகிறாள். தேவாலய மதிலோரத்தில், வெயிலில், ஒரு சொல்லும் ஜெபிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே மாமி, வழக்கமாகத் தான் சத்தமாகச் சொல்லும் ஜெபத்தை இன்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நிற்கிறார். நான் கொப்பியில் 'விசுவாசத்தின் குரல்' என்று எழுதியிருந்தவர் குரலிழந்து நிற்கும் அந்தப் பக்கத்தில்தான் என் கதையில் முதன்முறையாக விசுவாசம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. வகுப்பில் இருந்த கன்னியர்மடத்துச் சகோதரி ஒருவர் அதை வாசித்துவிட்டு, எஸ்தரை அவசரப்பட்டு உள்ளே கூட்டிவர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அந்த ஆலோசனைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். காதல் பகுதிக்கு இந்த வகுப்பு போதாது. ஆறாம் வாரத்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் மட்டும் அதைப் பற்றிப் பேசினோம். அதுவும் கண்ணியம் எங்கே முடிகிறது என்ற விவாதத்திலேயே கழிந்தது. இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பத் தொடங்குவது எந்தச் சின்னச் செயலில் தெரியும், பயத்தால் வரும் நெருக்கத்தையும் அன்பால் வரும் நெருக்கத்தையும் வாசகர் எப்படிப் பிரித்தறிவார் என்பவற்றை நான் கேட்க விரும்பினேன். கேட்பதற்கு எனக்கும் கூச்சமாக இருந்தது, சொல்வதற்கு அவர்களுக்கும் கூச்சமாக இருந்தது. இவ்வகை நாவலின் மூன்றில் ஒரு பங்கைக் கூச்சத்தின் காரணமாக விட்டுவிடுவது பெரிய இழப்பு. அடுத்ததாக, சட்டம், மருத்துவம், பொலிஸ் நடைமுறை போன்ற விடயங்களைச் சரிபார்க்க வகுப்பில் எவரும் இல்லை. ஒரு சாட்சி என்ற என் பிழையை எட்டுப் பேரும் வாசித்திருந்தார்கள், ஒருவரும் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமைக்காவது ஒரு நொத்தாரிசையோ ஓய்வுபெற்ற பொலிஸ் அலுவலரையோ அழைத்தால் நல்லது. அந்தப் பிழை திருத்தப்படாமல் இருந்திருந்தால் இரண்டாம் சாட்சிக்கான வெற்றிடமே உருவாகியிருக்காது, மாமியும் அங்கே வந்து நின்றிருக்க மாட்டார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அச்சிட்டுத் தந்த குறிப்புகளின் நிழற்பிரதிகள் பல இடங்களில் மங்கிக் கிடந்தன. பக்கத்து மில்லின் சத்தத்தில் நாலு மணிக்குப் பின் பேசுவது சரியாகக் கேட்காது. விறாந்தையின் உட்பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது.

முதல் நாவலைத் தொடங்காதவர்களுக்கு இந்த வகுப்பை நான் சொல்லமாட்டேன். ஐந்தாறு அத்தியாயங்களாவது கையில் இருந்தால்தான் கூண்டில் ஏற்ற ஆள் இருக்கும், திரும்பிப் போய்த் தடயம் தேட இடம் இருக்கும். எழுதிக்கொண்டிருப்பவர்கள், தங்கள் கதை தாங்கள் நினைத்தபடியே அச்சொட்டாக நகர்கிறது என்று உள்ளூரச் சலித்துப்போயிருப்பவர்கள், 15,000 ரூபாயையும் பத்துச் சனிக்கிழமைகளையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

வகுப்பு முடிந்த பிறகும் ஒன்பது பேரில் ஆறு பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடுகிறோம். என் நில அளவையாளன் இன்னும் கூண்டில் ஏறவில்லை. பதினாறு அத்தியாயங்களாக எஸ்தருக்கு உதவி செய்துகொண்டிருக்கும் அவன், அந்தக் காணியை அளக்க முதன்முதலில் யார் சொல்லி வந்தான் என்று நான் அவனிடம் ஒருபோதும் கேட்கவில்லை என்பதைப் போன கிழமைதான் கவனித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனாக நான் கதிரையில் உட்காரப்போகிறேன். முதல் கேள்வியை அந்த வங்கி அலுவலரே கேட்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.