துனிஸில் ஒன்றரை நாள்: கார்த்தேஜா, மெதீனாவா?

துனிசியாவின் தலைநகர் துனிஸில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். ஊரின் வரலாற்றைப் பார்க்க இரண்டு இடங்கள்: கடலோரத்தில் கார்த்தேஜ், நகருக்கு நடுவே மெதீனா என்கிற பழைய ஊர். அரை நாளைக் கார்த்தேஜுக்குக் கொடுத்தேன், முழு நாளை மெதீனாவுக்கு. மறுபடி போனாலும் அப்படித்தான் செய்வேன்.

கார்த்தேஜ் பெரிய பெயர். கி.மு. 814-இல் ஃபினீசியர்கள் (இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த கடல் வணிகர்கள்) அமைத்ததாக மரபு. கி.மு. 146-இல் ரோமானியர் அழித்தார்கள் (உப்புத் தூவி உழுதது பிற்காலக் கதை). அதனால் இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி ரோமானியர் பிறகு கட்டியதுதான். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. பங்களாத் தெருக்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. அந்தோனினஸ் குளியல் மண்டபம் பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்திலேயே ஜனாதிபதி மாளிகை. கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் காவலர் கையை ஆட்டுகிறார்.

என்னை மெதீனா பக்கம் சாய்த்தது தூண்கள். 698-இல் கார்த்தேஜைப் பிடித்த அரபுத் தளபதி ஹசன் இப்னு அல்-நுஃமான் அங்கே தங்கவில்லை. கடலோர ஊரை பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) கப்பற்படை எப்போது வேண்டுமானாலும் தாக்கலாம். ஏரிக்குப் பின்னால் இருந்த துனிஸ் என்ற சிற்றூர் பத்திரமானது. அதை வளர்க்கக் கல் வேண்டுமே? கார்த்தேஜ்தான் கல்குவாரி ஆனது. ஸைத்தூனா பள்ளிவாசலில் (ஆலிவ் எண்ணெயை ஜைத்தூன் எண்ணெய் என்கிறோமே, அதே சொல்) நிற்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பழந்தூண்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவையே. முற்றத்தில் நின்று பாருங்கள்: ஒரு தூணின் போதிகை (தலைப்பகுதி) அடுத்ததோடு சேராது. கார்த்தேஜில் தரையில் கிடக்கும் கல் இங்கே இன்னும் கூரையைத் தாங்குகிறது.

பள்ளிவாசலை ஒட்டியே அத்தர் கடைத்தெரு. சற்றுத் தள்ளி, ஷஷியா என்ற சிவப்புக் கம்பளித் தொப்பி செய்பவர்கள். 1609-க்குப் பின் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் வம்சாவளியினர் இங்கே வளர்த்த தொழில் அது. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1332-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

சரி, ஒன்று சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் அல்லாததால் தொழுகைக் கூடத்துக்குள் நான் போகவில்லை, முற்றத்தோடு சரி. நான் போனது டிசம்பரில். கோடையில் கடற்காற்றுக்காகவே கார்த்தேஜ் ஜெயிக்கக்கூடும். மெதீனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பாதிக்கு மேல் கடைகள் சாத்தியிருக்கும்.