ஜெர்மன் ராம், பொலிவியன் ராம், காக்கடூ அபிஸ்டோ: ஆண் பெண் எதில் தெளிவாகத் தெரியும்?

பெங்களூரு மீன் கடைகளில் குட்டி சிக்லிட் (தொட்டியில் வளர்க்கும் ஒரு மீன் குடும்பம்) கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் காட்டுவார்கள். மூன்றுமே தென் அமெரிக்க மீன், 2 அடி தொட்டி போதும். ஆனால் ஜோடி பார்த்து எடுக்கும் விஷயத்தில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது.

முதலில் இனம். உயரமான உடம்பு, கண் வழியே மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு என்றால் ராம். நீள உடம்பு, கண்ணிலிருந்து வால் வரை படுக்கைவாட்டில் பட்டை என்றால் அபிஸ்டோ. ராமிலேயே உடம்பெல்லாம் நீலம் மின்னுவது ஜெர்மன்; பெயர்தான் ஜெர்மன், ஊர் வெனிசுவேலா, கொலம்பியா. சாம்பல் பழுப்பில் துடுப்போரம் சிவந்திருப்பது பொலிவியன்.

ஜெர்மன் ராமில் பெண்ணின் வயிறு ரோஸ் நிறம்; விலாவிலுள்ள கறுப்புப் பொட்டுக்குள் நீலச் செதில்கள் சிதறிக் கிடக்கும். ஆணின் பொட்டு சுத்தக் கறுப்பு, முதுகுத் துடுப்பின் முன்முட்கள் நீளம். பண்ணை மீனில் இந்த அடையாளங்கள் அடிக்கடி காலை வாரும்: ஆணின் பொட்டிலும் நீலம் இருக்கும், உடம்பெல்லாம் நீலமாக வளர்த்தெடுத்த ‘எலெக்ட்ரிக் புளூ’ வகையில் பொட்டே இருக்காது. ஹார்மோன் கொடுத்து நிறமேற்றிய பெண் ஆண் போலவே நிற்கும், முட்டையும் போடாது. ஒரு இஞ்ச் குஞ்சு பளபளவென்று முழு நிறத்தில் இருந்தால் தொடாதீர்கள். முட்டையிட்டதால் ஜோடி என்றும் நம்ப முடியாது. இரண்டு பெண்கள் சேர்ந்துகூட முட்டையிடும், ஆனால் எல்லாம் கருவுறாமல் வெளுத்துப்போகும். முட்டையிடும் சமயத்தில் வயிற்றடியில் தெரியும் குழாய்தான் உறுதியான சாட்சி: பெண்ணுக்கு மொட்டையாகத் தடித்து, ஆணுக்கு மெலிந்து கூராக.

காக்கடூவில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், கிட்டத்தட்ட. ஆண் 8 செ.மீ., முதுகில் கொண்டை போல முட்கள், வாலில் இரண்டு கூர். பெண் 5 செ.மீ., வால் உருண்டை, குஞ்சு காக்கும்போது எலுமிச்சை மஞ்சள். சிக்கல் ஒன்றுதான்: பெரிய ஆணுக்கு அடங்கிய சின்ன ஆண், பெண் வேஷத்தில் திரியும். வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பு கறுப்பா என்று பாருங்கள். கறுப்பு பெரும்பாலும் பெண்ணுக்கே. ஒரு ஆணுக்கு இரண்டு பெண், முட்டையிடப் பெண்ணுக்கொரு கொட்டாங்குச்சி (வேகவைத்து, 3 செ.மீ. வாசல் வெட்டி). அகாசிசி என்ற இன்னொரு அபிஸ்டோவின் பெண்ணோடு கலந்து விடாதீர்கள், பிரித்தறிவது பெரும்பாடு. குஞ்சு வளர்க்கும் தொட்டியை 26 டிகிரியில் வையுங்கள். 29-இல் வளர்த்தால் ஆண்களே அதிகம் வரும்.

பொலிவியனில் ரோஸ் வயிறும் இல்லை, நீலச் செதிலும் இல்லை. வளர்ந்த ஆணின் துடுப்பு நுனிகளும் வாலின் இழைகளும் சற்று நீளம், அவ்வளவுதான். ஆறு குஞ்சு வாங்கி 3 அடி தொட்டியில் விட்டு, அதுவாகச் சேரட்டும் என்று காத்திருப்பதே வழி.

பிறகு தண்ணீர். போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 500-ஐத் தாண்டும் வீட்டில் ஜெர்மன் ராமின் முட்டை பொரிப்பது அபூர்வம். ஆர்ஓ கலந்து 150-க்குக் கொண்டுவர வேண்டும். 27-30 டிகிரியும் கேட்கும். டிசம்பர் இரவில் இங்கே ஹீட்டர் இல்லாத தொட்டி 22-க்குப் பக்கம் இறங்கிவிடும். பொலிவியன் 23-27-இல், கொஞ்சம் கடினமான தண்ணீரிலும் நிம்மதியாக இருக்கும். காவிரித் தண்ணீரை குளோரின் நீக்கி ஊற்றுபவர்கள் முதல் மீனாகக் காக்கடூவை எடுக்கலாம். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் பொலிவியன். ஜெர்மன் ராமை, தொட்டி ஆறு மாதம் ஓடி, மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.