சப்வூஃபர் ‘ட்யூனிங்’ செய்து தருகிறேன் என்பவர்களிடம் உஷார்

வீட்டிலேயே போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த சப்வூஃபர் பெட்டி, அதாவது பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி, செய்துவிட்டு, ட்யூனிங்குக்கு (குழாய் எந்த ஹெர்ட்ஸில் ஒலிக்கக் கைகொடுக்க வேண்டும் என்று அமைப்பதற்கு) மட்டும் வெளியாளைத் தேடுகிறீர்களா? காசை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எம்டிஎஃப் பலகையை ஒட்டியதெல்லாம் நான்தான். துளை வெட்டிக் குழாய் பொருத்தும் வேலையை மட்டும் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் கொடுத்தேன். சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ரௌட்டர் (மரம் குடையும் இயந்திரம்) ஓட்டினால் பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? 60 லிட்டர் பெட்டி, 12 அங்குல ஸ்பீக்கர். பாட்டுக்கும் படத்துக்கும் சேர்த்து 25 ஹெர்ட்ஸில் ட்யூன் வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருந்தேன். “கவலையே படாதீங்கண்ணே” என்றார். கூலி 380 வெள்ளி.

கொண்டுவந்து வைத்ததும் ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். சோபா அதிர்ந்தது. காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரவு படம் போட்டால், குண்டு வெடிக்கும் காட்சியில் பெட்டிக்குள்ளிருந்து ‘டக் டக்’ என்று ஓசை. ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) பின்தட்டில் போய் இடிக்கிற ஓசை அது.

குழாய்க்குள் அளவுநாடாவை விட்டேன். 17 செ.மீ.! 10 செ.மீ. விட்டமுள்ள ஒற்றைக் குழாய் 60 லிட்டரில் 25 ஹெர்ட்ஸுக்கு வர, சுமார் 55 செ.மீ. நீளம் வேண்டும், எல்போ (வளைவு இணைப்பு) போட்டு வளைத்துத்தான் உள்ளே வைக்க முடியும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு நேர்க்குழாய் ஒன்றைச் செருகியிருக்கிறார். ட்யூனிங் 40 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது.

40 ஹெர்ட்ஸ் பெட்டி பாட்டுக்கு நன்றாகவே அடிக்கும், அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடிச்சுரமே சுமார் 41 ஹெர்ட்ஸ்தான். படத்தின் பேஸோ 20 வரை இறங்கும். ட்யூனிங்குக்குக் கீழே போனால் பெட்டிக் காற்று கோனை (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பை) பிடித்து வைக்காது. ஒலி ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் வீதம் விழும். கோன் மட்டும் கட்டறுத்த மாடாக ஓடும். இது போதாதென்று, குறை தெரியாமலிருக்க ஆம்ப்ளிஃபையரில் 25 ஹெர்ட்ஸை 12 டெசிபல் ஏற்றி வைத்திருந்தார் மனுஷன். 12 டெசிபல் என்றால் ஏறக்குறைய 16 மடங்கு வாட்ஸ். ஸ்பீக்கர் என்னத்துக்கு ஆகும்?

ஆள் எதிரில் இருக்கும்போதே இப்படிச் சோதியுங்கள். கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி இலவசமாகவே கிடைக்கும். ஈக்வலைசரை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்குங்கள். கோன் ஓரத்தில் விரல் நுனியை வைத்திருங்கள். ஓரிடத்தில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். குழாய் வாயில் காற்று நன்றாக வீசும். அந்த எண்தான் ட்யூனிங். என் பெட்டியில் 40 பக்கம் நின்றது. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன்.

“சின்ன பைப்தான் பாஸ் பஞ்ச் கொடுக்கும், உங்க ஸ்பீக்கர்தான் வீக்” என்று பதில் வந்தது. பிறகு நீல டிக் மட்டும்தான்.

பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் கொடுக்கலாம். நான் நேராகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கே போகிறேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. “25 ஹெர்ட்ஸ்” என்று எழுதிய அந்த வாட்ஸ்அப் செய்திதான் என் கையில் இருக்கும் முதல் ஆதாரம். உங்கள் பேச்சும் எழுத்தில் இருக்கட்டும்: பெட்டியின் நிகரக் கொள்ளளவு, குழாயின் உள்விட்டம், நீளம், எத்தனை ஹெர்ட்ஸ். இந்த நான்கையும் எழுதித்தர மறுப்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.