கித்தானா, ஒயரா, வலைத்துணியா? மலைவீட்டு மடக்கு நாற்காலிக்கு எது தாங்கும்

தீபாவளிக்குக் கோத்தகிரிக்கு வந்திருந்த சித்தப்பா, மழை சற்று விட்டதும் காபி டம்ளரோடு வாசல் புல்தரையில் போய் உட்கார்ந்தார். அடுத்த நொடி முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. கித்தான் நடுவில் கிழியவில்லை. மேல்கட்டையைச் சுற்றித் தைத்திருந்த மடிப்போடு பிளந்திருந்தது. டம்ளரை மட்டும் சிந்தாமல் தூக்கிப் பிடித்திருந்தார். "நாற்காலியைத் திட்டாதே, நான்தான் எடை கூடிவிட்டேன்" என்றார். பெருந்தன்மை. உண்மையில் குற்றம், ஜூன் மாதத்திலிருந்து அதை வெளியிலேயே போட்டுவைத்த என் மேல்தான்.

எங்கள் வீட்டில் வெளியே போடும் மடக்கு நாற்காலிகள் ஆறு. தேக்குச் சட்டத்தில் கித்தான் போட்ட சாய்வு நாற்காலி இரண்டு, இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் ஒயர் பின்னியது இரண்டு, அலுமினியத்தில் துணி பூட்டியது இரண்டு. மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் ஆறையும் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். கீழே சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே செல்லாது. இங்கே நாற்காலி உட்கார்ந்து தேய்வதில்லை. நனைந்து, காயாமலே கிடந்து கெடுகிறது. தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பரில்தான் அடைமழை. நடுவில் மூடுபனி. அது விலகினால் வெயில், அதுவும் லேசுப்பட்டதல்ல. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மேட்டுப்பாளையத்திலிருந்து நாங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே இருக்கிறோம். குளிர்காற்றில் உறைக்காத அந்த வெயில்தான் பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கிறது.

ஆகவே எந்தப் பொருளையும் ஒரே கேள்வியோடுதான் பார்த்தேன். நனைந்தால் எவ்வளவு சீக்கிரம் காயும்?

உட்காரும் இடம்

கித்தானுக்கு ஈடான சுகம் வேறில்லை. வெயிலில் சுடாது, குளிரில் சில்லிடாது, முதுகுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். ஆனால் பருத்திக் கித்தான் பூசணத்துக்கு விருந்து. விரித்த பரப்பு ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். கட்டையைச் சுற்றிய மடிப்புக்குள் ஈரம் நாட்கணக்கில் நிற்கும். கிழிந்த மடிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, துணியைவிட முதலில் நூல்தான் இற்றிருந்தது. பருத்தி நூலில் தைத்திருந்தார்கள். விரலால் இழுத்தால் சேமியா போல ஒடிந்தது. புதுக் கித்தானை பாலியெஸ்டர் நூலில், மடிப்புக்கு இரண்டு வரிசையாகத் தைக்கச் சொன்னேன்.

இதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய துணியை அளவு வைத்து முதல் கித்தானை வெட்டினேன். பழையது பல வருடம் ஆள் உட்கார்ந்து நீண்டுபோனது என்பது தோன்றவில்லை. புதியதும் நீளும் அல்லவா? பதினைந்தே நாளில் உட்கார்ந்தவரின் இடுப்பு குறுக்குக்கட்டையில் இடித்தது. மேல்கட்டையிலிருந்து கீழ்க்கட்டை வரை ஒரு கயிற்றைத் தொய்வாகப் பிடித்து, எவ்வளவு பள்ளம் வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் குறைத்து அளப்பதுதான் சரி.

கித்தானுக்கு மெழுகு பூசலாம். குறும்பர்கள் பாறையில் ஏறித் தேன் எடுக்கும் ஊர்ப் பக்கம் இது, தேன்மெழுகு கிடைக்கும். வெயிலில் சூடான துணியில் மெழுகுக் கட்டியைத் தேய்த்தால் மழைத்துளி உருண்டோடுகிறது. ஆனால் ஈரத்தோடு மடக்கி உள்ளே வைத்தால் மெழுகும் காப்பாற்றாது. பூசணம் பிடித்துவிட்டால் வெளுப்புத்தூளைத் தொடாதீர்கள், பருத்தி இழையே பலமிழக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, நல்ல வெயிலில் விரித்தால் போதும். கறை போகாது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒயர் இதற்கு நேர் எதிர். தண்ணீரைக் குடிக்காது, இடைவெளி வழியே வடிந்துவிடும், துடைத்தால் அடுத்த நிமிடம் உட்காரலாம். அறுந்தால் அறுந்த இழையை மட்டும் மாற்றலாம் என்பது இதன் பெரிய வசதி. சுகம் குறைவுதான். அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் தொடையில் கோடு கோடாகத் தடம் இருக்கும். சித்தியின் புகார் இதுதான், நியாயமானதும்கூட. பின்ன வந்த அண்ணன் முதலில் கேட்டது ஒரு வாளி வெந்நீர். "குளிரில் ஒயர் விறைத்துக்கொள்ளும் அக்கா. அப்படியே பின்னினால் இறுக்கமாகத் தெரியும், மத்தியானம் வெயில் பட்டதும் தொங்கிவிடும்" என்றார். வெந்நீரில் ஊறிய ஒயரை இழுத்து இழுத்துப் பின்னினார். ஆறியதும் தட்டிப் பார்த்தேன், தம்புரா மாதிரி நின்றது. முடிச்சுகளை எல்லாம் அடிப்பக்கம் தள்ளியிருந்தார். கழித்துப்போட்ட பழைய ஒயர் பீன்ஸ் கொடி கட்டப் போனது.

கட்டில் நாடாவை வாங்கிப் பின்னலாமே என்று பலர் சொல்வார்கள். கடையில் எல்லாவற்றுக்கும் "நைலான்" என்றுதான் பெயர். அசல் நைலான் ஈரத்தை இழுத்துக்கொண்டு நீளும். மூடுபனி நாளில் குழிந்து, வெயில் நாளில் விறைக்கும். பாலியெஸ்டர் நாடா அப்படிச் செய்யாது. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு முழம் வாங்கி, ஒரு முனையில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்து மறுநாள் அளந்து பாருங்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, நாடாவை விட்டுவிட்டேன்.

அலுமினிய நாற்காலிக்கு வலைத்துணி போட்டேன். பாலியெஸ்டர் இழைக்குப் பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்து நெய்தது. இதுவும் ஒயரைப் போலச் சீக்கிரம் காயும். வெயிலையும் ஓரளவு தாங்கும், முதுகையும் அழுத்தாது. குறை தையலில் இருக்கிறது. வீட்டு மெஷின் ஊசி இரண்டே அங்குலத்தில் ஒடிந்தது. பை, தார்ப்பாய் தைக்கும் கடையில்தான் முடிந்தது. கிழிந்தால் ஒட்டுப் போடவும் வராது, முழுத்துணியையும் மாற்ற வேண்டும்.

சட்டம்

துணி கண்ணுக்குத் தெரிந்து கெடும். இரும்பு உள்ளுக்குள் கெடும். ஒயர் நாற்காலி ஒன்றின் காலிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றினேன். பழுப்புத் தண்ணீர் ஒரு கரண்டி அளவுக்குக் கொட்டியது. குழாயின் நுனி நமத்த அப்பளம் போலப் பொரிந்து, திருப்புளி தொட்டதும் உதிர்ந்தது. வழுக்காமல் இருக்கப் போட்ட உறைதான் தண்ணீரைத் தேக்கியிருக்கிறது. இப்போது எல்லா உறையிலும் சிறு துளை போட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

உடைந்த குழாய்க்கு வெல்டிங்கா, உள்குழாயா? மலையில் கேட், கிரில் வேலைக்குப் பட்டறைகள் உண்டு. ஆனால் நாற்காலிக் குழாய் மெல்லியது, துருவேறியது. கனத்த இரும்புக்குப் பழகிய கை வைத்தால் ஓட்டை விழும். எனக்கு ஓர் இடத்தில் விழுந்தது, அதை அடைக்கப் போய் இன்னொன்று. அடுத்த காலுக்கு வேறு வழி பிடித்தேன். அழுகிய பகுதியை அறுத்தெடுத்து, உள்ளே பொருந்தும் சிறு குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கினேன். அழகில்லை. ஆனால் கழற்றலாம், காய வைக்கலாம், மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். என் ஓட்டு இதற்கே.

அலுமினியம் இந்த வகையில் மெத்த நல்லது, துரு என்று செதில் உதிராது. ஆனால் அதன் கீலில் இரும்பு ரிவெட் அடித்திருந்தால், ஈரம் சேரும்போது ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். துளை பெரிதாகி நாற்காலி ஆடும். ரிவெட்டை வெட்டியெடுத்து எவர்சில்வர் போல்ட், நடுவில் நைலான் வாஷர், தளராத நைலாக் நட் போட்டேன். முழுக்க முடுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினால் மடக்க இலகுவாக இருக்கும், விரலும் நசுங்காது. சட்டமே முறிந்தால்தான் சங்கடம். சாதாரண வெல்டிங் அதற்கு ஆகாது, ஆர்கான் வெல்டிங் வேண்டும்.

தேக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாசியைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினேன். வார்னிஷ் அடித்தால் வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும். எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

இரும்புக்கு உப்புத்தாள் போட்டு, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே எனாமல். எந்தப் பெயிண்ட் என்பதைவிட எப்போது அடிக்கிறோம் என்பதே இங்கே முக்கியம். காலை ஒன்பது மணிக்குக் குழாய் இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும். அதன் மேல் அடித்தால் சித்திரைக்குள் தோலாக உரியும். பிப்ரவரி, மார்ச்சில், பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் தூரிகையைக் கழுவிவிட வேண்டும். அந்த நாட்களில் உப்புத்தாள் போட்ட கைப்பிடியில் தேநீர் சிந்தி, சிந்திய இடமெல்லாம் கருநீலமாகிவிட்டது. தேயிலையிலிருக்கும் டானின் துருவோடு சேர்ந்தால் அப்படிக் கறுக்கும். துருவை அடக்க விற்கும் திரவங்கள் சிலவற்றில் இருப்பதும் டானின்தான். ஊரெல்லாம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது என்று தேநீரையே பூசக் கிளம்பாதீர்கள், அதில் டானின் போதாது.

இப்போதைய நிலவரம்: வெளியிலேயே கிடக்க வேண்டியது என்றால் ஒயர். வெளியே போட்டு இரவில் எடுத்து வைப்பீர்கள் என்றால் வலைத்துணி. கித்தான் திண்ணைக்கு, கூரைக்குக் கீழே மட்டும். நிரந்தரமாக வெளியே வைக்கக் கித்தான் நாற்காலி வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

ஆறில் ஐந்து தேறிவிட்டன. முறிந்த அலுமினிய நாற்காலி ஒன்று, கோயம்புத்தூருக்கு யாராவது வண்டியில் போகும் நாளுக்காகக் கொட்டகையில் காத்திருக்கிறது. அடுத்த முறை வந்த சித்தப்பா புதுக் கித்தானை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.