ஃபெஸ் மதீனா போகிறவர்கள் கவனத்துக்கு: "அந்த வழி மூடியாச்சு" என்றால் நம்பாதீர்கள்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து மதீனாவில், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரில், நடக்கும் ஏமாற்று வேலை பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் தொடங்கும். பாப் பூஜ்லூத் என்ற நீல வாசலைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் ஒரு பையன் வந்து, "அந்தப் பக்கம் மூடியாச்சு, வெறும் வீடுகள்தான்" என்பான். நீங்கள் நிற்பது தலா கபீரா அல்லது தலா ஸ்கீரா என்றால் அது பச்சைப் பொய். இரண்டும் கடைத்தெருக்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் அடைத்திருக்குமே தவிர, தெருவை யாரும் அடைப்பதில்லை. ஆனால் பக்கவாட்டில் பிரியும் சந்துகளில் பல உண்மையிலேயே வீட்டு வாசலில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது.

அடுத்தது, "காசு வேண்டாம், தோல் பதனிடும் இடத்தைக் காட்டுகிறேன், இன்றைக்கு மட்டும்தான்." ஷுவாரா தோல் தொட்டிகளைத்தான் சொல்கிறான், அங்கே 'இன்றைக்கு மட்டும்' என்று எதுவும் கிடையாது. உரிமம் இல்லாமல் வழிகாட்டுவது குற்றம் என்பதால், போலீஸ் கண்ணில் படாமல் பத்தடி முன்னால் நடப்பான். ஏழெட்டுத் திருப்பத்தில் உங்களுக்குத் திசை குழம்பிவிடும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசி வரைபடத்தின் புள்ளியும் அடுத்த சந்துக்குத் தாவும். பிறகு ஒரு தோல்கடை, நாற்றத்துக்கு முகர்ந்துகொள்ளக் கையில் புதினாக் கொத்து, மொட்டைமாடிக் காட்சி. இறங்கி வரும்போது கூட்டாளிகள் இருவர் சேர்ந்துகொண்டு 200 திர்ஹம் கேட்பார்கள். நீங்கள் எதையாவது வாங்கியிருந்தால் அவன் கமிஷனும் அந்த விலையில் ஏறியிருக்கும். யாரும் கூட வராமல் நீங்களே கடைக்குப் போனாலும் அதே மாடிதான். மாடியைக் காட்டுபவருக்கு 10, 20 திர்ஹம் கொடுத்தால் தாராளம்.

துணிக்கடையில் 'சப்ரா', அதாவது கற்றாழைப் பட்டு என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். கடைக்காரர் ஒரு நூலை உருவி லைட்டரில் பிடிப்பார். உருகாமல் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். "பாருங்கள், பிளாஸ்டிக் இல்லை!" சரிதான், பிளாஸ்டிக் இல்லை. விஸ்கோஸ் மரக்கூழில் செய்வது, அதுவும் அப்படித்தான் எரியும். அந்தச் சோதனை பாலியெஸ்டரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். நிறம் பிடித்திருந்தால் விஸ்கோஸ் விலைக்குக் கேட்டு வாங்குங்கள்.

கார்டில் பணம் கட்டும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் திர்ஹமா யூரோவா என்றும் பாருங்கள். ஒரு யூரோவுக்குப் பத்து திர்ஹத்துக்கு மேல் வரும். 900 திர்ஹம் 900 யூரோவானால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழி தவறினால் யார் பின்னாலும் போக வேண்டாம். பூஜ்லூத் மேட்டில் இருக்கிறது, ர்ஸீஃப் சதுக்கம் பள்ளத்தில். சரிவோடு இறங்கிக்கொண்டே போனால் ர்ஸீஃப் பக்கம் வந்துவிடலாம், அங்கே சிவப்பு 'பெத்தி டாக்ஸி', அதாவது நகருக்குள் ஓடும் சின்ன டாக்ஸி கிடைக்கும். மீட்டர் போடச் சொல்லிவிட்டு ஏறுங்கள். இரவில் பாதிக் கட்டணம் கூடுதலாகக் கேட்பது முறையானதுதான். யாராவது ஒட்டிக்கொண்டே வந்தால் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஏதாவது கடைக்குள் நுழையுங்கள், கடைக்காரரே துரத்திவிடுவார். சூழ்ந்துகொண்டு பணம் கேட்டால் சத்தமாக "போலீஸ்" என்று சொல்லி 19ஐ அழையுங்கள். வழிகாட்டி தேவை என்றால் தங்கும் ரியாதில் (பழைய வீட்டு விடுதியில்) சொல்லி உரிமம் பெற்றவரை ஏற்பாடு செய்யுங்கள். கழுத்தில் படத்துடன் அட்டை இருக்கும். "கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம்" என்பதைக் கிளம்புமுன்பே அவரிடமும் சொல்லிவிடுங்கள், கமிஷன் அவருக்கும் உண்டு.