கெல்லர்–சீகல் சமன்பாடுகள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

உயிரணுக்கள் வேதிப்பொருளை உணர்ந்து நகர்வதைக் கணக்கிட, எவலின் ஃபாக்ஸ் கெல்லரும் லீ சீகலும் 1970இல் முன்வைத்த சமன்பாடுகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்துறைக்குள் வருபவர் முதலில் எடுக்க வேண்டிய மாதிரி இதுவே. ஆனால் அதை எதுவரை நம்பலாம் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

அமைப்பு எளிது. ஒரு சமன்பாடு உயிரணுக்களின் அடர்த்திக்கு: அவை தற்போக்காக விரவுகின்றன, ஈர்ப்புப்பொருளின் (அவற்றை ஈர்க்கும் வேதிப்பொருளின்) செறிவு கூடும் திசையிலும் நகர்கின்றன. மற்றொன்று ஈர்ப்புப்பொருளுக்கு: உயிரணுக்கள் அதைச் சுரக்கின்றன, அது பரவுகிறது, சிதைகிறது. உணவு தீர்ந்ததும் சைக்ளிக் ஏஎம்பி என்ற ஈர்ப்புப்பொருளைச் சுரந்து ஒன்றுகூடும் டிக்டியோஸ்டீலியம் அமீபாக்களின் திரளலைத் தலைமை உயிரணு எதுவும் இல்லாமலேயே, சீரான பரவலின் நிலைகுலைவாக இம்மாதிரி விளக்கிவிடுகிறது. ஈர்ப்புணர்திறன், சுரப்பு வீதம், சராசரி அடர்த்தி ஆகியவற்றின் பெருக்கம், உயிரணுக்களின் விரவல் கெழுவையும் பொருளின் சிதைவு வீதத்தையும் பெருக்கி வரும் அளவை விஞ்சினால், போதிய பரப்பில் திரளல் தொடங்கும். கணினியைத் தொடாமல் தாளிலேயே இதைச் சரிபார்க்கலாம் என்பதே எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

தொல்லை அதற்குப் பிறகுதான். இரு பரிமாணத்தில் மொத்த உயிரணு அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் (மிக எளிய அளவீட்டு வடிவில், முழுத் தளத்தில் அது 8 பை), அடர்த்தி வரம்புள்ள காலத்துக்குள்ளேயே முடிவிலியை எட்டிவிடும். ஒரு பரிமாணத்தில் இது நிகழாது. ஆகவே அங்கே சோதித்து முடித்த நிரலை அப்படியே இரு பரிமாணத்துக்குக் கொண்டுபோவது நல்லதல்ல. கணிப்பு வலையை எவ்வளவு நுணுக்கினாலும் முகடு உயர்ந்துகொண்டே போனால், காரணம் நிரல் அல்ல, மாதிரிதான். இருபுற மதிப்புகளையும் சமமாக எடுத்துக் கணக்கிடும் மைய வேறுபாட்டு முறையில் முகட்டின் ஓரத்தில் எதிர்மறை அடர்த்திகூட வரும். நகர்வு வரும் பக்கத்து மதிப்பை எடுக்கும் மேல்காற்று முறை அதைத் தடுக்கும், முடிவிலியைத் தடுக்காது.

உண்மை உயிரணுக்கள் இடத்தை அடைப்பவை. எனவே பெயின்டரும் ஹில்லனும் 2002இல் வெளியிட்ட, இடம் நிரம்பினால் நகர்வு நின்றுவிடும் இடநிரப்பு வடிவத்தையே இப்போது வழக்கமாகப் பயன்படுத்துகிறேன். அதில் கூர்முகடுகளுக்குப் பதில் தட்டையான திட்டுகள் உருவாகி மிக மெதுவாக ஒன்றிணைகின்றன. பாதியில் நிறுத்தினால் இடைநிலையே இறுதி வடிவம்போலத் தோன்றும் என்பதால் நீண்ட ஓட்டத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

அலைகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். டிக்டியோஸ்டீலியத்தில் சைக்ளிக் ஏஎம்பி சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலையாக வருகிறது. அலை கடந்ததும் செறிவின் சரிவு திசைமாறுவதால், இம்மாதிரியின் உயிரணுக்கள் அதன் பின்னாலேயே திரும்பி ஓடும். உண்மை அமீபாக்களோ தகவமைந்து (தூண்டலுக்குப் பழகி உணர்வு மங்கி), அந்தப் பின்சரிவைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மார்ட்டியல், கோல்ட்பீட்டர் ஆகியோரின் 1987ஆம் ஆண்டு ஏற்பி (சைக்ளிக் ஏஎம்பியை உணரும் புரதம்) இயக்கவியலையும் தகவமைப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.