ஆர்ம் ஜிசிசி: எரர் காட்டும் வரியில் தப்பே இல்லாதபோது

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்களின் ஃபர்ம்வேருக்கு (சிப்பிலேயே ஓடும் மென்பொருள்) ஆர்ம் ஜிசிசி கம்பைலரை வெர்ஷன் மேல் வெர்ஷனாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று பழகிப்போயிருக்கும். ப்ராஜெக்ட் சில நூறு ஃபைல்களைத் தாண்டிவிட்டால், தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் எரர்களில் கம்பைலர் நிரபராதி. ஒன்று, ஹெடர்களையும் மேக்ரோக்களையும் விரிக்கும் ப்ரீபிராசசர் முன்னாலேயே கலைத்து வைத்திருக்கும், இல்லையென்றால் கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றுசேர்க்கும் லிங்கர் கடைசியில் முரண்டு பிடிக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பேசுவது யார் என்பதை. கடைசி வரி 'எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்' என்றிருந்தால் அது லிங்கர். சி கோடின் தொடரமைப்பை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. பில்ட் பல ஜாப்களாக ஓடினால் எரர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். ஒற்றை ஜாபில் திரும்ப ஓட்டி, முதல் எரரை மட்டும் எடுங்கள்.

மேக்ரோ மோதல்தான் நேரத்தை அதிகம் தின்பது. நேரம் எங்கிருந்து வருகிறது என்று குறிக்க ஒரு ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) எழுதி, அதில் ஆர்டிசி (RTC, சிப்பிலுள்ள கடிகாரம்), ஜிபிஎஸ் என்று பெயர் வைத்ததாகக் கொள்வோம். சில ஃபைல்களில் கம்பைல் ஆகும். வேறொன்றில், நாம் தொடவே தொடாத சிப் ஹெடரின் வரியைக் காட்டி, 'அடைப்புக்குறிக்கு முன் ஐடென்டிஃபையர் வேண்டும்' என்று எரர் வரும். காரணம், அந்த ஹெடரில் ஆர்டிசி ஒரு மேக்ரோ, அதாவது ப்ரீபிராசசர் வேறு உரையாக மாற்றிவிடும் பெயர். அடைப்புக்குறியில் தொடங்கும் பாயின்டராக விரிகிறது. சிப் ஹெடர் உள்ளே வராத ஃபைல்களில் மோதல் தெரியாது. நம் ஃபைலின் பெயர் 'இன் எக்ஸ்பான்ஷன் ஆஃப் மேக்ரோ' என்ற துணைக் குறிப்பில்தான் இருக்கும். ஐடிஇயின் எரர் பட்டியலை மட்டும் பார்த்தால் அது எளிதில் கண்ணில் படாது, கன்சோலையே படியுங்கள்.

அப்படியும் பிடிபடவில்லையென்றால், கம்பைல் கமாண்டில் சிறிய 'சி' ஃப்ளாகை (-c) எடுத்துவிட்டுப் பெரிய 'ஈ' (-E) போட்டு, ப்ரீபிராசசரின் அவுட்புட்டைத் தனி ஃபைலில் சேமியுங்கள். சின்ன சி ஃபைல்கூட ஆயிரக்கணக்கான வரியாக வீங்கியிருக்கும். நம் கோடு அடியில் கிடக்கும். ஹெடரின் கடைசி ஸ்ட்ரக்டில் விட்டுப்போன செமிகோலன், அடுத்த ஹெடரின் முதல் வரியில் எரராக வெடிப்பதும் இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

2020இல் வந்த ஜிசிசி 10 பல பழைய ப்ராஜெக்ட்களை உடைத்தது. ஹெடரில் 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் அறிவித்த குளோபல் வேரியபிளை அதுவரை லிங்கர் ஒன்றாக்கி விட்டுக்கொண்டிருந்தது. அதன்பின் 'மல்ட்டிபிள் டெஃபினிஷன்' என்று நிற்கிறது. 'எஃப்-காமன்' ஃப்ளாகால் (-fcommon) வாயை அடைக்கலாம். ஆனால் ஹெடரில் எக்ஸ்டர்ன், ஒரே ஒரு சி ஃபைலில் டெஃபினிஷன் என்று திருத்துவதே சரி.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வந்தால் லைப்ரரி வரிசையைப் பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிப்பதால், கேட்கும் ஃபைல் முன்னும் கொடுக்கும் லைப்ரரி பின்னும் இருக்க வேண்டும். 'விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்க்யுமென்ட்ஸ்' என்று புலம்பினால், நம் கோடும் வெளியிலிருந்து வந்த லைப்ரரியும் வேறு வேறு ஃப்ளோட் ஏபிஐயில் (ஃபங்ஷனுக்குத் தசம எண்களைக் கடத்தும் முறை) கம்பைல் ஆனவை. கோடில் தேடாதீர்கள், பொருந்தும் லைப்ரரியைக் கேட்டு வாங்குங்கள்.

'ரீஜன் ரேம் ஓவர்ஃப்ளோட்' சொல்லும் எண் பற்றாக்குறையின் அளவுதானே தவிர, தின்றவர் யார் என்று சொல்லாது. அதற்கு லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைல். எந்த ஆப்ஜெக்ட் எத்தனை பைட் என்பதும், எந்த லைப்ரரி ஃபைலை யார் இழுத்து வந்தார்கள் என்பதும் அதில் உண்டு. எஸ்டிஎம்32 எஃப்407இல் 128 கேபி முதன்மை ரேம் நிரம்பியதும் எல்லோரும் 64 கேபி சிசிஎம் (ப்ராசசரோடு நேரடியாக இணைந்த தனி ரேம்) பக்கம் போவார்கள். லிங்க் ஆகிவிடும், ஆனால் டிஎம்ஏ (ப்ராசசர் இல்லாமலே டேட்டாவை நகர்த்தும் பகுதி) அந்த மெமரியைத் தொடவே முடியாது. டிஎம்ஏ பஃபரை அங்கே வைத்தால் டேட்டா வராது. அதோடு, சிசிஎம்மின் செக்‌ஷனுக்கு லிங்கர் ஸ்கிரிப்டில் 'நோலோட்' போடாமல் விட்டால் சிப்பில் ஏற்றும் .bin ஃபைல் 128 எம்பியாக ஊதிவிடும், ஏனென்றால் ஃப்ளாஷின் 0x08000000 முகவரிக்கும் சிசிஎம்மின் 0x10000000 முகவரிக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் முழுக்க நிரப்பப்படுகிறது. நோலோட் போட்ட பின், ஸ்டார்ட்டப் கோடு அதைப் பூஜ்ஜியமாக்காது என்பதால் அதை நாமே செய்ய வேண்டும்.

எரரே வராத வகைதான் மோசம். சி++ ஃபைலில் எழுதிய இன்டரப்ட் ஹேண்ட்லருக்கு 'எக்ஸ்டர்ன் சி' போடாவிட்டால் பெயர் உருமாறிவிடும். ஸ்டார்ட்டப் ஃபைலின் வீக் ஹேண்ட்லரையே (வேறொன்று இல்லாதபோது மட்டும் பயன்படுவது) லிங்கர் எடுத்துக்கொள்ளும், ஒரு வார்னிங்கும் கிடையாது. இன்டரப்ட் வந்ததும் போர்டு முடிவில்லாத லூப்பில் உட்கார்ந்துவிடும். லிங்கர் தந்த எல்ஃப் ஃபைல் மேல், பெயர்களைப் பட்டியலிடும் என்எம் டூலை ஓட்டிப் பாருங்கள்: ஹேண்ட்லர் பெயருக்கு முன் 'டபிள்யூ' (W) இருந்தால் இன்னும் வீக் ஹேண்ட்லர்தான், 'டி' (T) வந்தால் நம்முடையது.